போவன்பள்ளியில் ஒரு பங்குனிக் காலை

மாசியும் பங்குனியும் நம் முன்னோர் கணக்கில் பின்பனிக் காலம். சித்திரை பிறந்தால்தான் நமக்கு இளவேனில். தெலுங்கு நாட்டார்க்கோ வசந்தம் சற்று முந்திக்கொள்கிறது. அவர்கள் திங்களின் போக்கைக் கொண்டு மாதங்களை அளப்பவர்கள். நாம் ஞாயிற்றின் போக்கைக் கொண்டு அளப்பவர்கள். ஆகவே அவர்களுடைய உகாதி நம் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னதாகவும், சில ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகவும் வந்துவிடுகிறது. 2025ஆம் ஆண்டில் உகாதி மார்ச்சு 30ஆம் நாள். நம் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14. இவ்விரண்டுக்கும் முன்னதாக, பங்குனி பிறந்த முதல் வாரத்தில், நாம் ஹைதராபாத்தை அடுத்த போவன்பள்ளிக்குப் புறப்பட்டோம். அங்கே வேம்பு பூக்கத் தொடங்கியிருக்கும் என்று அறிந்திருந்தும், ஒரு பொட்டலம் உலர்ந்த வேப்பம்பூவை எடுத்துக்கொண்டு சென்றோம். கொல்லத் தெருவுக்கு ஊசி கொண்டுபோன கதைதான். ஆயினும் கேட்டவர் நம் அத்தை. பிறந்த ஊர் மரத்துப் பூவாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

வேப்பம்பூ ஒரு சாக்குத்தான். நாம் சென்றதற்கு உண்மையான காரணம் வேறு. அதை மறைத்து எழுதினால் பின்னால் வருவது விளங்காது. நம் அத்தை 1960ஆம் ஆண்டில் மணமகளாகச் சிகந்தராபாத் சென்றவர். மாமாவுக்கு இரயில்வேயில் உத்தியோகம். 1979இல் அவர்கள் போவன்பள்ளியில் ஒரு சிறு வீடு கட்டினர். பணம் போதவில்லை. நம் தந்தையார் கொடுத்து உதவினார். மாமா மானமுள்ளவர், வேண்டாம் என்று மறுத்தும் கேளாமல், மனைப் பத்திரத்தை ஈடாக நம் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். ஆறு ஆண்டுகளில் கடன் அடைந்தது. பத்திரம் மட்டும் திரும்பவில்லை. தேடித் தருகிறேன் என்றார் தந்தையார். அடுத்த ஆண்டும் தேடித் தருகிறேன் என்றார். ஒரு திருமண வீட்டில் அதைப் பற்றி ஒரு சொல் தடித்தது. அதற்குப் பின் உடன்பிறந்தார் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மாமா மறைந்தபோதும் தந்தையார் போகவில்லை. தந்தையார் மறைந்தபின், அவருடைய பெட்டியின் அடியில், பழைய பஞ்சாங்கங்களுக்குக் கீழே, பத்திரம் இருந்தது. அவர் மறந்து வைத்தாரா, மறவாமல் வைத்தாரா என்பதை இனி யாரிடம் கேட்பது? அதைத் திருப்பிக் கொடுக்கவே புறப்பட்டோம்.

பத்திரத்தை ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டோம். விலையுயர்ந்த பொருளை மஞ்சள் பையில் வைத்தால் கள்வனின் கண் அதன்மேல் படாது என்பது தந்தையாரின் கொள்கை. அவருடைய கொள்கைகளில் நமக்கு நம்பிக்கை குறைந்திருந்தும் இதை மட்டும் கைவிடவில்லை. அதே பையில் வேப்பம்பூப் பொட்டலமும், பணப்பையும் இருந்தன.

மாலையில் சென்னையில் ஏறி, விடியுமுன் கண் விழித்துப் பார்த்தால், வண்டி ஒரு புதிய, பளபளப்பான நிலையத்தில் நின்றிருந்தது. பெயர்ப்பலகையில் சர்லப்பள்ளி என்று இருந்தது. ஏதோ சிறு நிலையம், சிக்னலுக்காக நிற்கிறது என்று எண்ணிப் போர்வையை இழுத்துக்கொண்டோம். பெட்டியைத் துடைக்க வந்தவர் எழுப்பியபோதுதான், வண்டி அதற்கு மேல் போகாது என்று தெரிந்தது. சிகந்தராபாத் நிலையம் 1874ஆம் ஆண்டில் தோன்றியது. அதை முற்றிலும் புதுப்பிக்கும் பெரும்பணி நடைபெற்று வந்தது. பழைய முகப்பைக்கூட 2025 பிப்ரவரியில் இடித்துவிட்டார்கள். அங்கே நெரிசலைக் குறைக்கச் சில வண்டிகளை, நகரின் கிழக்கே, அவ்வாண்டு ஜனவரி 6ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட சர்லப்பள்ளி முனையத்துக்கு மாற்றியிருந்தார்கள். நம் பயணச்சீட்டிலும் அப்பெயர் தெளிவாகவே அச்சாகியிருந்தது. படிக்காதது நம் பிழை. நம் அத்தானோ, அந்நேரம் சிகந்தராபாத் நிலையத்தின் வாயிலில், பனியில் காதை மூடிக்கொண்டு நம்மை எதிர்பார்த்து நின்றிருந்தார். அவர் கைபேசியில் நம்மைக் கடிந்துகொண்டதை இங்கே எழுத வேண்டுவதில்லை. "நீங்கள் வீட்டுக்குத் திரும்புங்கள், நாமே வாடகை வண்டியில் வந்துவிடுகிறோம்" என்று சமாதானம் சொன்னோம்.

இனிச் சொல்லப்போவதுதான் எழுதக் கூச்சமாக இருப்பது. நிலையத்தின் வெளியே, சிமெண்டு இருக்கையொன்றில் ஒரு முதியவரும் அவர் மனைவியும் அமர்ந்திருந்தனர். மூன்று பெட்டிகள், ஒரு தூக்குப் பாத்திரம், ஒரு முறம். முறத்தைக் கண்டதுமே தமிழர் என்று தெரிந்துவிட்டது. நாம் கைபேசியில் பேசியதைக் கேட்டு முதியவர் எழுந்து வந்தார். "தம்பி, நீங்கள் தமிழா? எங்கள் பெண் சிகந்தராபாத் ஸ்டேஷனில் நிற்கிறாளாம். இது எந்த இடம் என்றே புரியவில்லை. போகிற வழியில் எங்களையும் இறக்கிவிடுவீர்களா?" என்றார்.

நமக்கு நேர்ந்த அதே பிழை அவர்களுக்கும் நேர்ந்திருந்தது. நம் வாடகை வண்டியும் வந்து நின்றுவிட்டது. அதில் நாம் ஒருவரே. ஆயினும், மூன்று பெட்டிகள், முறம், வழியில் ஒரு சுற்று, ஏற்கெனவே நேர்ந்த தாமதம், அத்தானின் கோபம் ஆகிய யாவும் ஒரு கணத்தில் மனத்துள் ஓடின. "நாம் வேறு வழியாகப் போகிறோம் ஐயா, இப்போதே வேறு வண்டி கிடைக்கும்" என்றோம். அவர் "சரி தம்பி, சரி" என்று இரண்டு முறை சொல்லித் திரும்பிச் சென்றார். நாம் ஏறிக்கொண்டோம். மல்காஜ்கிரியைக் கடந்து சிறிது தூரம் சென்றதும், சிகந்தராபாத் நிலையத்துக்கு வழிகாட்டும் பலகை நம் பாதையிலேயே எதிர்ப்பட்டது. ஓட்டுநர் அதைக் கடந்து சென்றார். நாம் அப்பலகையைப் பார்க்காதவர்போல் வலப்புறமாக மரங்களைப் பார்த்தோம்.

மரங்கள் பார்க்கத்தக்கவையாகவே இருந்தன. கண்டோன்மெண்டுப் பகுதியின் சாலைகளில் இலவ மரங்கள் ஓர் இலையும் இன்றிச் செக்கச்செவேலென்று பூத்து நின்றன. புங்க மரங்கள் பழைய இலைகளை உதிர்த்துக்கொண்டே, கையோடு கையாகத் தளிர்த்துக்கொண்டிருந்தன. மார்ச்சு 14ஆம் நாள் ஹோலி முடிந்திருந்தது. வீட்டு வாயில்களிலும் தார்ச் சாலையிலும் நீலமும் இளஞ்சிவப்பும் இன்னும் கரையாமல் கிடந்தன. ஒரு தெருநாய் முதுகில் மஞ்சள் வண்ணத்தோடு திரிந்தது. சிவராத்திரி அன்று குளிர் 'சிவ சிவா' என்று விடைபெற்றுப் போய்விடும் என்பார்கள் தெலுங்கு மக்கள். போகிற குளிர் வாயிற்படியில் சற்று நின்று பேசிவிட்டுப் போவதுபோல, விடியற்காலையில் மட்டும் ஒரு சிலிர்ப்பு இருந்தது. பத்து மணிக்கு மேல் தக்காணத்துப் பாறைகள் தம் வேலையைத் தொடங்கிவிடும்.

போவன்பள்ளி என்று நாம் எழுதுகிறோம். ஊர்க்காரர் வாயில் அது போயின்பள்ளி. பழைய போவன்பள்ளி, புதிய போவன்பள்ளி என இரண்டு உண்டு. ஒரு பகுதி கண்டோன்மெண்டு வாரியத்தின் ஆட்சிக்குட்பட்டது. தமிழருக்கு இப்பகுதி புதிதன்று. 1798இல் நிஜாமுக்கும் கும்பினியாருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி இங்கே வந்து தங்கிய படையில் சென்னைப் படையினர் மிகுதி. 1806இல் அப்படைவீட்டுக்கு நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயர் வழங்கலாயிற்று. படையோடு சிப்பாய்கள் வந்தனர்; சிப்பாய்களோடு பண்டம் விற்பவரும், கணக்கெழுதுபவரும், சமைப்பவரும் வந்தனர். பின்னர் இரயில்வே வந்தது. அதனோடு நம் மாமாவைப் போன்றோர் வந்தனர். அத்தையின் தெருவில் காலையில் தமிழ் ஒலிக்கும், கீரைக்காரியோடு தெலுங்கு ஒலிக்கும், தையற்காரரோடு தக்கணி உருது ஒலிக்கும். ஓசையை வைத்து மணி சொல்லலாம் என்பார் அத்தான்.

வெறுங்கையோடு பெரியவர்களைப் பார்க்கப் போகலாகாது என்பது நம் வழக்கம். ஆகவே காய்கறிச் சந்தையின் அருகே வண்டியை நிறுத்தி இறங்கிக்கொண்டோம். டாக்டர் அம்பேத்கர் பெயரில் விளங்கும் அந்த மொத்த விற்பனைச் சந்தை, ஹைதராபாத் நகரின் அடுக்களைக்கு வாயில் என்று சொல்லலாம். லாரிகளிலிருந்து மூட்டைகள் இறங்கிய வண்ணமாய் இருந்தன. மூட்டை தூக்குவோரை அங்கே ஹமாலி என்பார்கள். அவர்கள் 'ஜரகண்டி, ஜரகண்டி' என்று கூவிக்கொண்டே நம் தோளை உரசிச் சென்றனர். திருப்பதியில் கேட்டுப் பழகிய சொல்லாதலால் நாமும் பக்தியோடு ஒதுங்கினோம். தக்காளி மலை, பச்சைமிளகாய் மலை, மஞ்சள் நிறத்தில் உருண்டு கிடக்கும் தோசக்காய், புளிச்சைக் கீரைக் கட்டுகள், அவ்வாண்டின் முதல் மாவடுவும் மாங்காயும். ஒரு வியாபாரியிடம் அரைக்கிலோ மாங்காய் கேட்டோம். அவர் நம்மை இரக்கத்தோடு பார்த்தார். அங்கே யாரும் அரைக்கிலோ கேட்பதில்லை. மூட்டை கணக்கு, பெட்டி கணக்கு.

ஒரு புறம் கழிவுகளை வண்டியில் வாரிக்கொண்டிருந்தார்கள். கோசு இலை, அழுகிய தக்காளி, வதங்கிய கீரை. இச்சந்தையின் குப்பை நாடறிந்த குப்பை என்பது நினைவுக்கு வந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், 1944இல் நிஜாம் காலத்தில் தோன்றிய ஆராய்ச்சிக்கூடத்தின் வழிவந்தது. அது வகுத்த முறைப்படி, காய்கறிக் கழிவைக் காற்றுப் புகாத கலனில் இட்டு நுண்ணுயிர்களைக் கொண்டு எரிவாயு ஆக்கினார்கள். 2021 ஜனவரி 31ஆம் நாள் பிரதமர் வானொலி உரையில் இதைக் குறிப்பிட்டார். நாளொன்றுக்குச் சுமார் 10 டன் கழிவு; அதிலிருந்து சுமார் 500 யூனிட்டு மின்சாரம்; 30 கிலோ அளவு எரிபொருள். மின்சாரம் சந்தைக்கு விளக்காயிற்று. எரிவாயு சந்தையின் உணவு விடுதிக்கு அடுப்பாயிற்று. நேற்று வாடிய கத்தரிக்காய் இன்றைய கத்தரிக்காயைச் சமைத்தது. இதை வியந்தபடி, மஞ்சள் பையைத் தக்காளிப் பெட்டிகளின் அருகே கீழே வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

பிறகு மாங்காய் வாங்கும் எண்ணத்தை விட்டு, வாயிலுக்கு வந்து, அத்தை வீட்டுத் திசையில் சென்ற நகரப் பேருந்தில் ஏறினோம். முன்வாயில் வழியாக ஏறினோம். ஹைதராபாத்தில் முன்வாயிலும் முற்பகுதியும் மகளிருக்கு; ஆடவர் பின்வாயிலில் ஏற வேண்டும். ஒரு மூதாட்டி நம்மை மேலும் கீழும் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொல்ல, மகளிர் அனைவரும் சிரித்தனர். சிரிப்பினூடே நெருக்கித் தள்ளிப் பின்னே சென்றோம். நடத்துநர் வந்தார். பணத்துக்காகப் பையைத் தேடியது கை. கையில் பை இல்லை.

அந்தக் கணத்தை எப்படி எழுதுவது? நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரு பெட்டியின் அடியில் பத்திரமாகக் கிடந்த காகிதம், நம் கைக்கு வந்த நான்காம் நாளில் தொலைந்தது. அத்தை என்ன நினைப்பார்? தந்தையார் கொடுக்காமல் போனார், மகன் கொண்டுவந்ததாகச் சொல்லித் தொலைத்தான் என்று நினைப்பார். தொலைத்தோம் என்பதையே நம்புவாரா? கைபேசியும் மின்னேற்றம் தீர்ந்து அணைந்திருந்தது.

நம் முகத்தைப் பார்த்த நடத்துநர் சீட்டு இயந்திரத்தோடு காத்து நின்றார். அப்போது முன்புறத்திலிருந்து ஒரு கை, பலருடைய தோள்களைக் கடந்து, ஒரு பத்து ரூபாய்த் தாளை நீட்டிற்று. சற்று முன் நம்மை எள்ளிய அதே மூதாட்டி. தெலங்கானாவில் 2023 டிசம்பர் முதல் மகளிருக்குப் பேருந்தில் கட்டணம் இல்லை. "எனக்கு இலவசம், ஆகவே உமக்கு நான் கொடுக்கிறேன்" என்பதுபோல் அவர் சைகை செய்தார். மறுபடியும் சிரிப்பு எழுந்தது. இம்முறை நாமும் சிரித்திருக்கலாம், முடியவில்லை. கைகூப்பிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் குதித்திறங்கிச் சந்தையை நோக்கி ஓடினோம்.

ஓடுகிற வயது நமக்குக் கடந்துவிட்டது. சந்தையை அடைந்தபோது கண் இருண்டது. நின்ற இடம் எது? எங்கு நோக்கினும் தக்காளிப் பெட்டிகள். நாம் பார்த்து நின்ற குப்பை வண்டியும் போய்விட்டிருந்தது. பையும் அதில் ஏறி, பத்திரம் எரிவாயுவாகிக்கொண்டிருக்குமோ என்றுகூட எண்ணம் ஓடிற்று. அப்போது, தரையில் அமர்ந்து தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி தலை நிமிர்ந்து, "மீதேனா சஞ்சி?" என்றார்.

சஞ்சி! நம் பாட்டிமார் மடித்துணி வைத்த மடிசஞ்சியில் ஒளிந்திருக்கும் சொல். பை உம்முடையதா என்கிறார். "மாதே, மாதே" என்று நாமறிந்த தெலுங்கு முழுவதையும் செலவிட்டோம். அவர் எழுந்திருக்கவில்லை. சஞ்சியில் என்ன இருக்கிறது, சொல்லும் என்றார். வீட்டுக் காகிதம், பணம் என்றோம். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. பிறகு நினைவு வந்து, "வேப்ப பூவு" என்றோம். அம்மையார் உரக்கச் சிரித்துவிட்டார். அக்கம்பக்கத்துப் பெண்களிடம் நம்மைச் சுட்டிக்காட்டி, பிறகு தலைக்கு மேலே சுட்டிக்காட்டினார். சந்தைச் சுவரை ஒட்டி நின்ற வேப்பமரம் ஒன்று வெள்ளைவெளேரென்று பூத்திருந்தது. அவர் எழுந்தார். நம் மஞ்சள் பை அவருக்கு இருக்கையாகக் கீழே இருந்தது! யாரும் எடுத்துச் செல்லாதிருக்க அதன்மேலேயே அமர்ந்து, ஒரு மணி நேரமாகத் தக்காளி பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பணம் கொடுக்க முயன்றோம். "ஒத்து" என்று கையை அகற்றினார். மீண்டும் நீட்டியபோது அவர் முகம் மாறிற்று, ஆகவே மடக்கிக்கொண்டோம். அவர் பாலமூர்ப் பக்கத்தவர். மகபூப்நகரின் பழம்பெயர் பாலமூர். பிழைப்புத் தேடி வெளியூர் செல்வோர் மிகுந்த வறண்ட சீமை அது. தம் ஊரில் வேம்பு இப்போது எப்படிப் பூத்திருக்கும் என்று அவர் கையசைத்துக் காட்டியதன் பொருள் மொழி தெரியாமலே விளங்கிற்று. நம் பொட்டலத்திலிருந்து ஒரு கைப்பிடி வேப்பம்பூ எடுத்துக் கொடுத்தோம். முகர்ந்து பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு, சற்று நசுங்கியதால் தமக்கென ஒதுக்கி வைத்திருந்த தக்காளிகளிலிருந்து ஏழெட்டை எடுத்து நம் பையில் போட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வெறுங்கையோடு போகவில்லை என்றாயிற்று.

அத்தை வாயில் திண்ணையில் அமர்ந்திருந்தார். எண்பத்துநான்கு வயது. "ஏண்டா இத்தனை நேரம்? உன் அத்தான் ஊரெல்லாம் உன்னைத் தேடுகிறான்" என்றார். பையை வாங்கி முதலில் தக்காளியை எடுத்தார். "இதைப் போய்ச் சென்னையிலிருந்து தூக்கி வந்தாயா?" என்றார். பத்திரத்தைப் பிறகே எடுத்தார். பூதக்கண்ணாடி வரவழைத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிக் கையொப்பம் வரையில், தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் இருந்ததை வரி விடாமல் படித்தார். மாமாவின் கையெழுத்தின்மேல் கண்ணாடி நின்றது. பிறகு தாள்களுக்கு இடையே விரல் விட்டுத் தேடினார். "உன் அப்பா ஒன்றும் எழுதி வைக்கவில்லையா?" என்றார்.

இல்லை என்றோம். வேறு என்ன சொல்ல இயலும்? பொய் சொல்லியிருக்கலாம், அன்று காலை ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. அத்தை தாள்களை மடித்தார். "பர்வாலேது" என்றார். அறுபத்தைந்து ஆண்டு தெலுங்கு நாட்டு வாழ்வில், வருத்தத்தை அடக்கும்போது அவர் வாயில் தெலுங்குதான் வருகிறது. எழுந்து தக்காளியை அலம்பப் போனார். மதியம் அந்தத் தக்காளியில் இரசம். வேப்பம்பூவை நெய்யில் வறுத்துச் சோற்றில் பிசைந்து முதற்பிடி நமக்கே வைத்தார். கசப்பு, பிறகு மணம். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்கத் தோன்றும் அந்தக் கசப்பு.

இரவில் கொசு மிகுதி. மாடியில் கட்டிலைப் போட்டு, வேப்பிலைப் புகை போட்டு அமர்ந்தோம். தெற்கே, கூப்பிடு தூரத்தில், பழைய பேகம்பேட்டை விமான நிலையத்தின் வெளி இருண்டு கிடந்தது. 2008 மார்ச்சில் பயணிகள் விமானங்கள் ஷம்ஷாபாத்துக்கு மாறும்வரை, மாடியில் காயும் வற்றல் பறந்துவிடும் என்று தோன்றுமளவு தாழ்வாக விமானங்கள் இறங்குமாம். அந்தப் பேகம்பேட்டையில்தான் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். அவர் ஆராய்ந்த கொசுக்களுக்குத் தன் இரத்தத்தைக் கொடுத்தவர் உசேன் கான் என்னும் நோயாளி. கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. இதைச் சொன்னபோது அத்தை, "அந்தக் கொசுவின் பேரப்பிள்ளைகள்தாம் இவை, நமக்கு ஓர் அணாவும் தரமாட்டார்கள்" என்றார்.

பேச்சோடு பேச்சாகச் சர்லப்பள்ளி முதியவரின் செய்தியையும் சொல்லிவிட்டோம். சொல்லாமல் இருக்கவே எண்ணியிருந்தோம். அத்தை சிறிது நேரம் பேசவில்லை. "ஏண்டா, வண்டியில் இடம் இல்லையா?" என்றார். "இருந்தது" என்றோம்.

பிறகு அவர், நாம் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார். 1960இல் அவர் முதன்முதலாகச் சிகந்தராபாத் நிலையத்தில் வந்திறங்கியபோது துணைக்கு வந்தவர் நம் தந்தையார். அப்போது தந்தையாருக்குப் பதினைந்து வயது. தந்தி போய்ச் சேரவில்லை. மாமா இரவு வேலையில் இருந்தார். நிலையத்தில் யாரும் இல்லை. தமிழைத் தவிர இருவருக்கும் வேறு மொழி தெரியாது. பதினைந்து வயதுப் பையன் பெட்டியின்மேல் அமர்ந்து அழத் தொடங்கிவிட்டானாம். ஒரு டாங்காக்காரர், தாடி வெளுத்த முகம்மதியர், இருவரையும் ஏற்றிக்கொண்டு, மாமாவின் பெயரையும் 'இரயில்' என்ற ஒரு சொல்லையுமே வைத்துக்கொண்டு, குடியிருப்பு குடியிருப்பாக நள்ளிரவு வரையில் தேடி வீட்டைக் கண்டுபிடித்தாராம். கூலி கொடுத்தபோது, பையனைக் காட்டி, இவன் அழுதான், ஆகவே பாதிக் கூலி போதும் என்றாராம்.

"உன் அப்பா அழுததை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்" என்றார் அத்தை. "இத்தனை ஆண்டுகள் காப்பாற்றினேன். பேசாமல் இருந்த காலத்திலும் காப்பாற்றினேன்." பிறகு விசிறியை எடுத்துக் கொசுவை ஓட்டினார்.

மூன்றாம் நாள் மாலை சர்லப்பள்ளியில் வண்டி ஏற வந்தோம். அத்தான் கொண்டுவந்து விட்டார். அத்தை கொடுத்த தயிர்ச்சோற்றுப் பொட்டலம் மூன்று பேருக்குப் போதுமானது. ஒருவருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்டதற்கு அவர் விடை கூறவில்லை. வண்டி புறப்பட ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்தச் சிமெண்டு இருக்கையில் வேறு ஒரு குடும்பம் அமர்ந்திருந்தது. கணவன், மனைவி, கைக்குழந்தை. அருகே சென்று, எங்கே போக வேண்டும், உதவி ஏதும் வேண்டுமா என்று வினவினோம். அவர்கள் நம்மைச் சற்று ஐயத்தோடு பார்த்து, ஒன்றும் வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய வண்டி எதிரிலேயே நின்றிருந்தது.